எதிரே ஆள் நிற்கிறாரா? எது தற்காப்புக் கலை என்ற கேள்விகளுக்குப் பதில்கள்

முப்பது வருடமாகச் சிலம்பக் கம்பு பிடிக்கிறேன். கல்லூரி நாட்களில் நான்கு வருடம் ஜூடோவும் பழகினேன். "எது தற்காப்புக் கலை, எது இல்லை" என்பதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): ஐயா, தற்காப்புக் கலைக்கு ஓர் இலக்கணம் சொல்ல முடியுமா?

பதில்: தம்பி, சொல்லிலிருந்தே தொடங்குவோம். ஆங்கிலத்தில் 'மார்ஷியல் ஆர்ட்' என்கிறார்கள். மார்ஸ் ரோமானியர்களின் போர்க்கடவுள். நேராகச் சொன்னால் அது போர்க்கலை. நாம் 'தற்காப்புக் கலை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். நல்ல சொல்தான், ஆனால் அது நம் கேள்வியையே கொஞ்சம் திருப்பிவிடுகிறது. "ராத்திரி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் மறித்தால் இது உதவுமா?" என்ற ஒற்றைக் கேள்வியால் எல்லாவற்றையும் அளக்க ஆரம்பிக்கிறோம். இன்று யாரும் இடுப்பில் வாளோடு நடப்பதில்லை. அதற்காக வாள்வீச்சைக் கணக்கில் சேர்க்காமல் விடமுடியுமா?

நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். இந்த அசைவு இன்னொரு மனிதனோடு மோதுவதை மனதில் வைத்துப் பிறந்ததா? அதை ஒருவர் அடுத்தவருக்குப் படிப்படியாகச் சொல்லித்தர ஒரு முறை இருக்கிறதா? இரண்டும் இருந்தால் அது போர்க்கலை. முதலாவது மட்டும் இருந்தால் அது தெருச்சண்டை. இரண்டாவது மட்டும் இருந்தால் நடனமோ உடற்பயிற்சியோ ஆகலாம்.

எதிராளி என்ற சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. பதினைந்து வயதில் நான் கம்பை மிக வேகமாகச் சுற்றுவேன். பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஒருநாள் ஆசான் தன் கம்பை எடுத்துக்கொண்டு எனக்கு நேரே நின்றார். "சுத்து" என்றார். சுற்றினேன். அவர் கம்பின் நுனி அவசரமே இல்லாமல் வந்து என் நெஞ்சுக்குழியில் தொட்டு நின்றது. என் கம்பு அப்போது தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது. "உன் கம்பு காத்தோட பேசுது, என்னோட பேசல" என்றார். அடுத்த ஆறு மாதம் காலடி மட்டும்தான் கற்றுக்கொடுத்தார். அவர் ஒரு அடி முன்னால் வந்தால் நான் எங்கே போவது, கிறுக்கி எடுக்கும்போது, அதாவது உடலைச் சுழற்றித் திரும்பும்போது, முதுகு எவ்வளவு நேரம் அவருக்குத் தெரியும், இதுதான் பாடம்.

கேள்வி (மதுரை): அப்படியானால் கோவில் திருவிழாவில் ஆடும் அலங்காரச் சிலம்பம் தற்காப்புக் கலை இல்லையா?

பதில்: அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். நன்றாகக் கற்றவர் அலங்காரமாகச் சுற்றும்போது உற்றுப் பாருங்கள். கம்பு தலைக்கு மேல் போகும் நேரத்தில் கால் தானாக விலகி நிற்கும். 'வீடு கட்டி', அதாவது காலடி வரிசை வைத்து, நாலு திசைக்கும் திரும்பும்போது கண் கம்பைப் பார்க்காது, எதிரில் இல்லாத ஆளைப் பார்க்கும். அப்படி இருந்தால் அதற்குள் சண்டை இருக்கிறது, பார்வையாளருக்குத்தான் தெரியவில்லை. மாறாக, இரண்டு முனையிலும் தீயைக் கொளுத்திக்கொண்டு மேடையில் சும்மா சுழற்றுவது சாகசம். அதற்கும் பயிற்சி வேண்டும், மதிக்கிறேன். ஆனால் பெயர் வேறு.

பிரேசிலின் கபோயிராவும் இதே கேள்வியைச் சந்தித்ததுதான். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து வளர்ந்த கலை. வட்டமாக நிற்பார்கள், ஒற்றை நரம்புள்ள பெரிம்பாவ் வாசிப்பார்கள், நடுவில் இரண்டு பேர் ஆடுவார்கள். பார்த்தால் ஆட்டம் போலவே தெரியும். அதையே 1890-ம் வருடத்துத் தண்டனைச் சட்டத்தில் பிரேசில் குற்றமாக்கியது. வெறும் ஆட்டத்துக்கு ஏன் தடை? உதையும் வாரலும் அதற்குள் இருந்தது அரசுக்குத் தெரிந்திருந்தது. 2014-ல் கபோயிரா வட்டத்தை யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி (கோவை, கராத்தே பயிலும் மாணவி): மாஸ்டர், நான் கட்டா, அதாவது தனியாகச் செய்யும் அசைவு வரிசை, மட்டும்தான் போட்டியில் செய்கிறேன். எதிரில் ஆளே இல்லை. உங்கள் கணக்கில் நான் கராத்தே செய்கிறேனா?

பதில்: கண்டிப்பாகச் செய்கிறாய் அம்மா. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டாவுக்கே தனியாகத் தங்கம் கொடுத்தார்கள். ஆண்கள் பிரிவில் வென்ற கியூனா ரியோ, கராத்தே பிறந்த ஒகினாவாவைச் சேர்ந்தவர். நீ உன் மாஸ்டரிடம் ஒன்று மட்டும் கேள்: ஒவ்வொரு அசைவுக்கும் 'புங்காய்', அதாவது சண்டையில் அதன் பொருள், சொல்லித்தாருங்கள் என்று. இந்தக் கை ஏன் இடுப்புக்குப் போகிறது? பிடித்த ஆளின் மணிக்கட்டை இழுக்கவா? இந்தத் திருப்பம் யாரைக் கீழே போட? பொருள் தெரிந்து செய்யும் கட்டாவுக்கும், மனப்பாடம் செய்த கட்டாவுக்கும் தோளைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஜப்பானின் இயாய்தோவும் இந்த வகைதான். உறையிலிருந்து வாளை உருவி, வெட்டி, திரும்ப உறையில் போடும் கலை. தனியாகத்தான் செய்வார்கள். ஆனால் கற்பனையில் ஒரு எதிரி நிற்கிறான் என்று சொல்லித்தான் கற்றுத்தருவார்கள். அவன் உயரம் என்ன, எப்போது கை வைத்தான் என்பது வரை யோசிக்க வேண்டும்.

கேள்வி (அதே மாணவி): வில்வித்தை?

பதில்: ஜப்பானியரின் கியூதோவில் 28 மீட்டர் தூரத்தில் 36 சென்டிமீட்டர் இலக்கு. அங்கே எதிரி மறைந்தே போய்விட்டான், தன் மூச்சும் மனமும்தான் மிச்சம். ஆனாலும் போரில் பிறந்து, முறையாகக் கைமாறி வந்த வித்தை. நான் சேர்த்துக்கொள்வேன். சேர்க்காதவரோடு சண்டைக்கும் போகமாட்டேன்.

கேள்வி (சென்னை, வங்கி ஊழியர்): பூங்காவில் காலையில் தாய்ச்சி செய்கிறோம். அது வெறும் உடற்பயிற்சிதானே?

பதில்: நீங்கள் செய்வது அநேகமாக 24 அசைவுத் தொகுப்பாக இருக்கும். 1956-ல் சீன அரசு பொதுமக்களின் ஆரோக்கியத்துக்காகச் சுருக்கி உருவாக்கியது அது. ஆனால் அதன் வேர் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பக் கிராமத்தில் இருக்கிறது. அங்கே இன்றும் இருவர் கைகோர்த்துத் தள்ளும் பயிற்சி உண்டு. எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தொட்டே அறிந்து அவரை நிலைகுலைப்பது. உங்கள் பூங்கா நண்பரோடு ஒருநாள் அதைச் செய்து பாருங்கள், அசைவுகள் எல்லாம் வேறாகத் தெரியும்.

கேள்வி (வடசென்னை): பாக்சிங்கை யாரும் தற்காப்புக் கலை என்று சொல்வதில்லையே. ஏன்?

பதில்: தத்துவம், வணக்கம், வெள்ளை உடை, கறுப்பு பெல்ட் எல்லாம் இருந்தால்தான் கலை என்று நம் மனதில் ஒரு படம் பதிந்துவிட்டது. அந்தப் பெல்ட்டே 1880-களில் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ கொண்டுவந்த ஏற்பாடுதான். நம் சிலம்பத்தில் அது கிடையாது, யாரும் குறைசொல்வதில்லை. எதிர்க்கும் ஆளோடு மோதுவதில் பாக்சிங்குக்கு இணையாக மிகச்சில கலைகளே உண்டு. 1867-ல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் வந்து கையுறையும் மூன்று நிமிடச் சுற்றும் நிலைத்தன, அதனால் விளையாட்டாயிற்று. முறை இருக்கிறது, பரம்பரையும் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வாத்தியார் வழி சொல்லிக்கொண்டுதானே கோதாவில் இறங்கினார்கள்? அதைவிட என்ன வேண்டும்?

கேள்வி (அலங்காநல்லூர் பக்கம்): சல்லிக்கட்டு? கபடி? மல்லர்கம்பம்?

பதில்: சல்லிக்கட்டு வீர விளையாட்டு. கலித்தொகையின் முல்லைக்கலியிலேயே ஏறுதழுவுதல் இருக்கிறது, பெருமை குறைந்ததில்லை. ஆனால் காளை நம் பிடியைப் படித்து மறுபிடி போடுவதில்லை. போர்க்கலையின் உயிரே அந்த மறுபிடியில் இருக்கிறது. கபடியில் கணுக்காலைப் பிடிக்கும் பிடி மல்யுத்தக்காரர்களுக்கே பாடம், இருந்தாலும் அங்கே நோக்கம் கோட்டைத் தொடுவது. மல்லர்கம்பம் மல்யுத்தம் பழகுபவர்களின் உடற்பயிற்சியாக இருந்து தனிக் கலையானது. சண்டையின் அண்டை வீட்டுக்காரர் என்று சொல்லலாம்.

கேள்வி (நாகர்கோவில்): எங்கள் பக்கம் வர்மம் இருக்கிறது. அது மருத்துவமா, தற்காப்புக் கலையா?

பதில்: வர்மம் என்பது உடலின் முக்கியப் புள்ளிகளைப் பற்றிய அறிவு, அடிமுறை என்பது அதைப் பயன்படுத்தும் சண்டைக்கலை. உடலில் 108 வர்மப் புள்ளிகள், அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று சித்த மரபு கணக்குச் சொல்கிறது. அடிக்கத் தெரிந்தவரே அந்த அடியின் பாதிப்பை இளக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது உங்கள் ஊர் ஆசான்களின் கட்டுப்பாடு. சண்டைக்கலைக்கும் வைத்தியத்துக்கும் ஒரே கை என்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். ஆனால் தொடாமலே, பார்வையாலேயே ஆளை விழவைப்பேன் என்று ஒருவர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தன் மாணவன் அல்லாத, உண்மையாக எதிர்க்கும் ஒருவர்மேல் அதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

கேள்வி (சிங்கப்பூர்): ஷாலின் குங்ஃபூவே காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்ததுதானே? அப்படியானால் எல்லாத் தற்காப்புக் கலையும் நம்முடையதுதானே?

பதில்: இந்தக் கேள்வி பன்னிரண்டு பேரிடமிருந்து வந்தது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகள் 6-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒன்று அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. இன்னொன்று தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறது. இரண்டிலும் சண்டைப் பயிற்சி பற்றி ஒரு வரிகூட இல்லை, தியானம்தான் இருக்கிறது. உடற்பயிற்சியோடு அவரை இணைக்கும் 'யிஜின் ஜிங்' என்ற நூல் 17-ம் நூற்றாண்டில் வந்தது. ஷாலின் துறவிகள் 621-ல், பின்னாளில் டாங் பேரரசரான லீ ஷிமின் பக்கம் நின்று போரிட்டதற்குக் கோவிலிலேயே 728-ம் வருடத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதிலும் போதிதர்மர் குங்ஃபூ கற்றுத்தந்ததாக இல்லை.

எனக்கும் இது பிடித்த கதைதான். ஆனால் சிலம்பத்துக்குப் பெருமை சேர்க்க ஷாலின் தேவையில்லை. சீனாவின் மிங் அரசமரபுக் காலத்தில் ஷாலின் மிகவும் பெயர்பெற்றிருந்தது கம்புக்குத்தான். இரண்டு நிலத்தில் இரண்டு மக்கள் ஒரே மரக்கட்டையை எடுத்து என்னென்ன கண்டுபிடித்தார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, யார் யாருக்குக் கொடுத்தது என்று அடித்துக்கொள்வதைவிட எனக்கு நிறையக் கற்றுத்தந்தது.

கேள்வி (பெங்களூரு): எம்எம்ஏ என்ற கலப்புச் சண்டைப் போட்டி வந்தபிறகு பழைய கலைகள் பொய் என்று நிரூபணமாகிவிட்டதே?

பதில்: 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் கூண்டுக்குள் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியை நினைத்துச் சொல்கிறீர்கள். ஒரு பாக்சர் ஒரு கையில் மட்டும் உறை மாட்டிக்கொண்டு வந்தார். பிரேசிலிய ஜியுஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி அவரைத் தரையில் கொண்டுபோய் அமுக்கியதும் அவர் தோல்வியை ஒத்துக்கொண்டார். தரையில் என்ன செய்வது என்று தெரியாதவருக்கு அது பெரிய பாடம், நானும் அதை மதிக்கிறேன். ஆனால் "பயன்படுகிறதா" என்பது வேறு கேள்வி, "போர்க்கலையா" என்பது வேறு கேள்வி. ஆயுதமில்லாமல், ஒருவருக்கு ஒருவர், நடுவர் முன்னால் நடப்பதை அந்தக் கூண்டு சோதிக்கிறது. நான்கு பேர் சூழ்ந்தால் கம்போடு வெளியேறுவதற்காகவும் சிலம்பம் அடிவரிசை வைத்திருக்கிறது. அதைக் கூண்டுக்குள் எப்படிச் சோதிப்பது?

கேள்வி (திண்டுக்கல், ஒரு தாய்): என் மகளுக்கு ஒன்பது வயது. ஆறு மாதத்தில் பெல்ட் தருகிறோம் என்கிறார்கள். எதில் சேர்க்கட்டும்?

பதில்: அம்மா, கலையின் பெயரைப் பார்க்காதீர்கள், வகுப்பை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக நின்று பழகுகிறார்களா? ஒருவர் பிடித்தால் மற்றவர் உண்மையாகத் திமிறுகிறாரா? விழக் கற்றுத்தருகிறார்களா? ஜூடோவில் எனக்கு முதல் இரண்டு மாதம் விழத்தான் கற்றுக்கொடுத்தார்கள். போன வருடம் மழையில் படிக்கட்டில் வழுக்கியபோது என் தாடை தானாக நெஞ்சோடு ஒட்டியது, தலை அடிபடவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்துகொண்ட தற்காப்பு அதுதான். அப்புறம், யாராவது தப்பாகத் தொட்டால் கத்தவும், ஓடவும், உங்களிடம் வந்து சொல்லவும் அங்கே சொல்லித்தருகிறார்களா என்றும் பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், சிலம்ப மாணவர்): ஆசான், 2021-ல் தமிழ்நாடு அரசு விளையாட்டு வீரர்களுக்கான மூன்று சதவீத வேலை ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. விளையாட்டாக்கினால் கலை அழியுமா?

பதில்: எனக்குச் சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே இருக்கிறது தம்பி. கம்பு பிடித்தவனுக்கு வேலை கிடைத்தால் அவன் பிள்ளையும் கம்பு பிடிக்கும். இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கவலைக்கு ஜூடோவைப் பார். கானோ 1882-ல் டோக்கியோவில் ஒரு கோவிலில் பன்னிரண்டு பாய் விரித்து, ஒன்பது மாணவர்களோடு கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக்கலையின் ஆபத்தான அடிகளைக் கட்டாவுக்குள் வைத்துவிட்டு, எறிதலையும் பிடிகளையும் முழு வேகத்தில் பழகவிட்டார். விளையாட்டாக மாற்றியதாலேயே அது உயிரோடு வளர்ந்தது, 1964-ல் ஒலிம்பிக் போனது. அதே ஜூடோவில் 2010-ல் காலைப் பிடித்து எறிவதற்குக் கட்டுப்பாடு வந்தது, 2013-ல் முழுத் தடை. போட்டிக்கு மட்டும் பழகும் பிள்ளைகள் அந்த எறிதல்களைத் தொடுவதே இல்லை.

நம் போட்டியில் தொட்டால் புள்ளி. அதனால் பிள்ளைகள் கம்பை நீட்டி, எட்டத்திலிருந்து தொட்டுவிட்டு ஓடக் கற்றுக்கொள்கிறார்கள். எதிராளியின் கம்பைப் பூட்டுவதும், பூட்டிலிருந்து பிரிவதும் கைக்கு மறந்துபோகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் களத்தில் புள்ளி ஆட்டம் முடிந்ததும், அதே இருவரைப் புள்ளி இல்லாமல் திரும்ப இறக்குவேன். தொட்டபிறகு நிறுத்தக் கூடாது, தொடப்பட்டவர் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் யாருக்கும் பதில் வரவில்லை. போன வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தோளில் அடி வாங்கியபடியே உள்ளே நுழைந்து, எதிரில் நின்ற பையனின் கம்பைத் தன் கம்போடு சேர்த்து அக்குளில் பூட்டிவிட்டாள். அதை நான் அவளுக்கு இன்னும் சொல்லித்தந்திருக்கவில்லை.