பிக்புளூபட்டன் 3.0: சர்வர் நடத்துபவர்கள் கேட்டவை

இணையவழி வகுப்புகளும் மீட்டிங்குகளும் நடத்த உதவும் மென்பொருள் பிக்புளூபட்டன். அதன் 2.7 பதிப்பில் இருந்து 3.0-க்கு மாற நினைப்பவர்களிடம் இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: இப்போது 2.7 ஓடும் அதே சர்வரில் அப்கிரேடு கட்டளை கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. 2.7 உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்புக்கானது, 3.0 உபுண்டு 22.04-க்கானது. பழைய மெஷினில் உபுண்டுவை உயர்த்தி அதன்மேல் 3.0-ஐ ஏற்ற முயல வேண்டாம். 22.04 மட்டும் போட்ட புது சர்வர் ஒன்றை எடுங்கள். 8 கோர், 16 ஜிபி ராம் அவசியம். தற்காலிக டொமைன் பெயரில் நிறுவி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதித்துப் பாருங்கள். மாற்றும் நாளுக்கு முன்பே டிஎன்எஸ்-ல் (டொமைன் பெயரை சர்வர் முகவரியோடு இணைக்கும் பதிவு) டிடிஎல் மதிப்பைக் (பழைய முகவரி எவ்வளவு நேரம் நினைவில் இருக்கும் என்பதை) குறைத்து வைத்தால், பெயரைப் புது சர்வருக்குத் திருப்பியதும் எல்லோரும் சீக்கிரம் அங்கே வந்துவிடுவார்கள். உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பழைய ரெக்கார்டிங்குகள் என்ன ஆகும்?

பதில்: நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வெளியிடப்பட்ட ரெக்கார்டிங் கோப்புகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு நகலெடுத்து, கோப்பு உரிமையாளராக பிக்புளூபட்டன் பயனரையே வையுங்கள். சர்வரின் பெயர் மாறாமல் இருந்தால் பழைய இணைப்புகளும் வேலை செய்யும். எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பழைய சர்வரை அணையுங்கள்.

கேள்வி: முகப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே, எதற்கு 3.0 என்று புது எண்?

பதில்: மாற்றம் உள்ளே இருக்கிறது. இந்த வெளியீட்டில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். இதுவரை மீட்டிங்கின் நிலை முழுவதையும் நோட்ஜேஎஸ் மேல் ஓடும் மீட்டியோர் என்ற கட்டமைப்பும் மோங்கோடிபி என்ற தரவுத்தளமும் சுமந்தன. யார் உள்ளே இருக்கிறார், யார் பேசுகிறார், எந்த ஸ்லைடு ஓடுகிறது என எல்லாமே அந்த நோட்ஜேஎஸ் செயல்முறைகள் வழியாகத்தான் பிரவுசருக்குப் போயின. கூட்டம் பெருகும்போது நெரிசல் வந்த இடமும் அதுவே. 3.0-ல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். தகவல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது, ஹசூரா என்ற இடைநிலை மென்பொருள் அதை கிராஃப்கியூஎல் சந்தாக்களாக (மாற்றம் வந்ததும் தானாக வந்து சேரும் தகவலாக) ஒவ்வொரு பிரவுசருக்கும் தள்ளுகிறது. பிரவுசரில் ஓடும் பகுதியை என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வெறும் கோப்புகளாகவே கொடுத்துவிடுகிறது. நீங்கள் எழுதி வைத்திருக்கும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட்கள் மோங்கோடிபியையோ பழைய ஹெச்டிஎம்எல்5 சேவைகளையோ தேடினால் பொய் எச்சரிக்கை வரும். அவற்றை முதலில் திருத்துங்கள்.

கேள்வி: வகுப்பு எடுப்பவர்களுக்கு என்ன புதிது?

பதில்: சாட்டில் ஒரு செய்திக்குப் பதில் எழுதலாம், திருத்தலாம், நீக்கலாம், எமோஜி போடலாம். இவற்றில் வேண்டாததை மீட்டிங் உருவாக்கும்போதே அணைத்துவிடலாம். வொயிட்போர்டில் ஸ்லைடின் ஓரத்தோடு நிற்காமல் விரிந்துகொண்டே போகும் பரப்பும் வந்திருக்கிறது. கணிதப் பாடம் நடத்துபவர்கள் அதை விடமாட்டார்கள்.

கேள்வி: கூடுதல் வசதிகளைச் சேர்க்க 3.0-ல் வந்திருக்கும் ப்ளக்இன் பாதுகாப்பானதா?

பதில்: உங்கள் தேர்வைப் பொறுத்தது. மீட்டிங் உருவாக்கும் அழைப்பில் ப்ளக்இன்னின் மேனிஃபெஸ்ட் (அதை விவரிக்கும் கோப்பு) முகவரி கொடுத்தால் போதும். அல்லது சர்வர் முழுவதற்கும் பொதுவாக வைக்கலாம். ரேண்டமாக ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் ப்ளக்இன் நல்ல தொடக்கம். முன்பெல்லாம் இப்படி ஒரு பொத்தான் சேர்க்கவே மூல நிரலின் தனிப் பிரதி ஒன்றை எடுத்து மாற்றி, ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ஆனால் ப்ளக்இன் நிரல் பங்கேற்பவர் ஒவ்வொருவரின் பிரவுசரிலும் ஓடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நிரலைப் படித்துப் பார்த்து, கோப்பை உங்கள் சர்வரிலேயே வைத்துக் கொடுங்கள். முகம் தெரியாத ஒருவரின் முகவரியைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஒலி, வீடியோவைக் கடத்தும் புது வழியான லைவ்கிட்டை உடனே இயக்கலாமா?

பதில்: முதல் நாளே வேண்டாம். ஒலிக்கு ஃப்ரீஸ்விட்ச், வீடியோவுக்கு மீடியாசூப், இதுதான் இன்னும் இயல்பு நிலை. லைவ்கிட் தனியாக நிறுவ வேண்டிய விருப்பத் தேர்வு. ஒலி, கேமரா, திரைப்பகிர்வு ஒவ்வொன்றுக்கும் மீட்டிங்வாரியாக இயக்கிப் பார்க்க வழி இருக்கிறது. சோதனை மீட்டிங் ஒன்றில் மட்டும் போட்டு, அதன் ரெக்கார்டிங் சரியாக வருகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் முடிவெடுக்கலாம்.

கேள்வி: சிலருக்கு மட்டும் ஒலி இணையவே இல்லை. 3.0-ன் கோளாறா?

பதில்: பெரும்பாலும் ஃபயர்வால். சர்வர் பக்கம் டிசிபி 80, 443, யுடிபி 16384 முதல் 32768 வரையான போர்ட்கள் (டிசிபி, யுடிபி இரண்டும் நெட்வொர்க்கில் தகவல் போகும் முறைகள்) திறந்திருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் அலுவலக நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கு மட்டும் சிக்கல் என்றால், அங்கே யுடிபியை அடைத்திருப்பார்கள். அவர்களுக்கு 443 வழியாக டர்ன் சர்வர் (ஒலி, வீடியோவை இடையில் நின்று கடத்தும் சர்வர்) தேவை. அது ஓடுகிறதா என்று பாருங்கள்.