ஒவ்வொரு இரவும் ஒரு துறைமுகமா?

கேள்வி: எனக்கு 55 வயது. ஓய்வூதிய நிதி கைக்கு வருகிறது. டர்பன் மரீனாவில் (படகுத்துறையில்) நாலு வருடமாகக் கட்டிக் கிடக்கும் 42 அடி மோட்டார் யாட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. 400 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு, 1,200 லிட்டர் டீசல் டேங்க். வீட்டை விற்றுவிட்டு நானும் மனைவியும் படகிலேயே குடியிருந்து, ஒவ்வொரு இரவும் ஒரு துறைமுகத்தில் தங்கி, மெதுவாகக் கேப் டவுன் போய்த் திரும்ப நினைக்கிறோம். "நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். உங்கள் கருத்து?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: உறவினர் பேச்சை முதலில் ஒதுக்குங்கள். டர்பன் வளைகுடாவில் கரைவலை இழுத்துப் பிழைத்தவர்கள் நம்மவர்கள். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகியபோது 176 பேரைக் கரை சேர்த்த, 'படவட்டான் அறுவர்' என்று பெயர் பெற்ற ஆறு பேரும் மீனவர்கள்தாம். கடல் நமக்கு அந்நியமில்லை. ஆனால் அவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்காமல் படகைத் தள்ளியவர்கள் இல்லை. உங்கள் கடிதத்தில் அந்த இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

ஒவ்வொரு இரவும் ஒரு துறைமுகம் என்பது இந்தக் கரையில் நடக்காது. டர்பனை விட்டால் அடுத்த துறைமுகம் ஈஸ்ட் லண்டன், சுமார் 250 கடல் மைல். நடுவில் அவசரத்துக்கு ஒதுங்க நல்ல இடம் கிடையாது. 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகப் படகுக்கு அது ஒரு பகலும் ஓர் இரவும் விடாத ஓட்டம், அதுவும் அகுல்ஹாஸ் நீரோட்டம் துணை செய்தால்.

அந்த நீரோட்டம் தென்மேற்காக 3, 4 நாட் வேகத்தில் ஓடுகிறது. சில இடங்களில் அதற்கும் மேல். அதற்கு எதிரே தென்மேற்குப் புயல்காற்று வீசினால் அலைகளின் இடைவெளி சுருங்கும், முகம் செங்குத்தாகும், முன்னால் பள்ளம் விழும். 1909 ஜூலையில் டர்பனிலிருந்து புறப்பட்ட வராட்டா கப்பல் 211 பேரோடு காணாமல் போனது இந்தக் கரையோரத்தில்தான். ஆகவே தென்மேற்குக் காற்று ஓய்ந்து, பாரோமீட்டர் நன்றாக ஏறிய பிறகே கிளம்புங்கள். வடகிழக்குக் காற்று வலுத்துப் பாரோமீட்டர் இறங்கத் தொடங்கினால் அடுத்த தென்மேற்கு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வழியில் அகப்பட்டுக்கொண்டால் கடல் 200 மீட்டர் ஆழமாகும் கோட்டுக்கு உள்ளே, கரைப்பக்கம் வந்துவிடுங்கள். நீரோட்டத்தின் வேகம் அங்கே குறைவு, அலையும் அடங்கும். நல்ல வானிலைக்காக ஒரு வாரம் காத்திருக்க நேரலாம். தேதி குறித்துக்கொண்டு கிளம்புபவருக்கு இந்தக் கடல் வேண்டாம்.

இனி டீசல். மூன்றில் ஒரு பங்கைத் தொடாத கையிருப்பாக விட்டால் உங்களுக்கு 800 லிட்டர். 18 நாட் வேகத்தில் இப்படிப்பட்ட படகு மணிக்கு 120 லிட்டர் அளவில் குடிக்கும்: 120 மைலில் கணக்கு முடிந்துவிடும். 7 நாட்டில் 16 லிட்டர் என்று வைத்தால் 350 மைல். மெதுவாகப் போனால்தான் ஈஸ்ட் லண்டன். ஒரே எஞ்சினில் ஓட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், சும்மா சுற்றும் மறு ஷாஃப்ட்டை (புரொப்பெல்லர் தண்டை) அந்த கியர்பாக்ஸ் தாங்குமா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். எண்ணெய் பம்ப் ஓடாமல் ஷாஃப்ட் சுற்றினால் சில கியர்பாக்ஸ்கள் எரிந்துபோகும்.

திரும்பி வருவதை யோசித்தீர்களா? 4 நாட் எதிர்நீரோட்டத்தில் உங்கள் 7 நாட், தரைக்கு 3 நாட்டாகிவிடும். 250 மைலுக்கு 83 மணி நேரம், 1,300 லிட்டருக்கு மேல். உங்கள் டேங்கே 1,200தான். வரும்போது நீரோட்டத்துக்கு உள்ளே, கரையை ஒட்டித்தான் வரவேண்டும். பாறைக்கரை பக்கத்திலேயே இருக்கும்; ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்தே ஆகவேண்டும்.

நான் மிகவும் பயப்படுவது அந்த நாலு வருடக் கட்டிக்கிடப்புக்கு. பாதி டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். டீசலும் நீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து சேறாகும். மரீனாவில் எஞ்சின் அழகாக ஓடும். முதல் பெரிய அலையில் சேறு கலங்கி ஃபில்டரை அடைக்கும், இரண்டு எஞ்சினும் நிற்கும். வாங்குமுன் டேங்கின் மூடியைத் திறந்து, டீசலை வெளியே இறைத்து, சேற்றைக் கையால் வழித்தெடுங்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் இரட்டை ஃபில்டர், ஓட்டத்திலேயே மாற்ற வால்வு, அடைப்பைக் காட்டும் வேக்குவம் மீட்டர் வையுங்கள். உபரி ஃபில்டர் ஒரு டஜன், எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர், உபரியாக எஞ்சினுக்கு இரண்டு. மழைக்குப் பின் டர்பன் துறைமுகத்தில் மிதக்கும் பிளாஸ்டிக், கடல்நீரை உறிஞ்சும் குழாயை அடைத்தால் இம்பெல்லர் சில நிமிடங்களில் கருகும். படகை மேலே தூக்கிப் பார்க்காமல் ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள். மற்ற உலோகங்கள் அரிக்காமல் தான் கரைவதற்காக அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகள் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புரொப்பெல்லரையும் ஷாஃப்ட்டையும் நன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தென்னாப்பிரிக்கக் கடல் பாதுகாப்பு ஆணையமான சாம்சாவின் ஸ்கிப்பர் (படகோட்டி) சான்றிதழும் படகின் தகுதிச் சான்றும் கட்டாயம். 'சி' வகை கரையிலிருந்து 15 மைல் வரைதான், 'பி' 40 மைல் வரை; உங்கள் பாதைக்கு 'பி' கேளுங்கள். உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிதான். நீங்கள் தண்ணீரில் விழுந்தால் படகைத் திருப்பி வரவேண்டியவர் அவர். எஞ்சினை நிறுத்தவும், ஜி.பி.எஸ்.ஸில் இடத்தைக் குறிக்கவும், வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சேனலில் 'மேடே' என்று ஆபத்து அழைப்புச் சொல்லவும் அவர் உங்களுக்கு முன்பே கற்கட்டும்.

வீட்டை விற்காதீர்கள். வாடகைக்கு விட்டு, ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் மரீனாவிலேயே படகில் குடியிருங்கள். படகின் விலையில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்று கணக்கு வையுங்கள். அந்தத் தொகையை வாடகை தாங்குகிறதா என்று அந்த ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். நடுவில் ரிச்சர்ட்ஸ் பே வரை ஒருமுறை போய் வாருங்கள். அதன் பிறகும் உங்கள் மனைவி சரி என்றால், வீட்டை விற்பது பற்றி எழுதுங்கள்.