சிறையிருப்பிலிருந்து திரும்பிய இஸ்ரவேலர் ஏன் முதலில் பலிபீடத்தைக் கட்டினார்கள்? நமக்கு அதில் என்ன பாடம்?

சிறையிருப்பு என்றால் இங்கே ஜெயில் இல்லை. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை அழித்து, யூதா மக்களில் பலரைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அந்நிய தேசத்து வாழ்க்கைதான் சிறையிருப்பு. கி.மு. 538 வாக்கில் பெர்சிய அரசன் கோரேஸ் அனுமதி கொடுக்க, மக்கள் தலைவன் செருபாபேல், ஆசாரியன் யெசுவா ஆகியோர் தலைமையில் ஒரு கூட்டம் ஊர் திரும்பியது.

மதில் இடிந்து கிடக்கிறது, சுற்றிலும் பகை. ஆனாலும் அவர்கள் முதலில் எழுப்பியது பலிபீடத்தை. வேதாகமத்தில் எஸ்றா புத்தகம் 3-ஆம் அதிகாரத்தைக் கவனித்துப் படியுங்கள்: பயம் போகவில்லை, பயத்தோடேயே ஆராதித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எல்லாம் சரியானபிறகு ஜெபிக்கலாம் என்று நாம் தள்ளிப்போடுகிறோம் அல்லவா? பல வருடம் பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் திரும்புகிறவர்கள், சுவரைப் பூசுவதற்கு முன் அடுப்பைப் பற்றவைப்பார்கள். அடுப்பு எரிந்தால்தான் வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு. பலிபீடமும் அப்படித்தான்.

அப்புறம் அழிந்துபோன ஆலயத்தைத் திரும்பக் கட்ட அஸ்திபாரம் போட்டார்கள். எதிர்ப்பு வந்தது, வேலை பல வருடம் நின்றது. கி.மு. 520-இல் ஆகாய், சகரியா தீர்க்கதரிசிகள் தட்டியெழுப்ப, கி.மு. 515 வாக்கில் ஆலயம் முடிந்தது. நின்றுபோனதை மறுபடி தொடங்கலாம். குடும்ப ஜெபம் விட்டுப்போயிருந்தால், இன்று ராத்திரி ஒரு சங்கீதத்தைச் சேர்ந்து படியுங்கள்.

ஆகாயின் கண்டிப்பைப் படித்துவிட்டு, சொந்த வீடு கட்டுவதே பாவம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர் கேட்டது வீடு ஏன் கட்டினீர்கள் என்றல்ல, ஆலயத்தை ஏன் பாழாய் விட்டீர்கள் என்றுதான்.