புள்ளிக்கு அப்புறம் பூஜ்யமா, ஒன்றா? புரோஸ்டேட் வீக்கமும் கோடிங்கும்: கேள்வி-பதில்

தர்மபுரியில் மெடிக்கல் கோடிங் வகுப்பு எடுக்கிறேன்; டாக்டர் எழுதும் நோயைக் கோடு எண்ணாக மாற்றும் வேலை அது. வழக்கமாக வரும் சந்தேகங்களில் பாதி சர்க்கரை, மீதி பிரஷர். இந்த முறை வந்தவை எல்லாம் புரோஸ்டேட், பெரும்பாலும் ‘பிபிஎச்’ எனும் புற்றுநோய் அல்லாத புரோஸ்டேட் வீக்கம். சரி, ஒன்றாகவே பார்த்துவிடலாம்.

“சார், நோட்டில் ‘பிபிஎச், டாம்சுலோசின் தொடரவும்’ என்று மட்டும் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் தொந்தரவு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? என்40.1 போடலாமா?” – மாணவி, பாலக்கோடு

போடக் கூடாதும்மா. டாம்சுலோசினைச் சிறுநீர்க்குழாய்க் கல்லுக்கும் கொடுப்பார்கள். மாத்திரையைப் பார்த்து நோயை ஊகிப்பது நம் வேலை இல்லை. நோய்க் கோடுகளுக்கான அமெரிக்க ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் என்40.0 என்றால் தொந்தரவு இல்லாத வீக்கம், என்40.1 என்றால் சிறுநீர்த் தொந்தரவுகளோடு சேர்ந்த வீக்கம். நோட்டில் இருப்பது அவ்வளவுதான் என்றால் என்40.0.

அதே நோட்டில் ‘ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார், தாரை மெலிந்துவிட்டது’ என்று டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தால் கதையே வேறு. என்40.1 முதலில், அதன் பின்னால் ஆர்35.1 (இரவில் நீர் கழிக்க எழுவது), ஆர்39.12 (சிறுநீர்த் தாரை மெலிவது). நோயோடு வழக்கமாக வரும் அறிகுறிக்குத் தனிக் கோடு வேண்டாம் என்று படித்திருப்பீர்கள். இங்கே அது செல்லாது. அறிகுறிகளுக்குக் கூடுதல் கோடு சேர்க்கச் சொல்லி என்40.1-க்குக் கீழேயே குறிப்பு இருக்கிறது. ‘இதனால்தான் அது’ என்று டாக்டர் தனியாக எழுத வேண்டியதும் இல்லை. தலைப்பில் ‘உடன்’ என்று இருப்பதால் தொடர்பு இருப்பதாகவே புத்தகம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ‘சர்க்கரை அதிகமானதால் இரவில் எழுகிறார்’ என்று டாக்டரே எழுதிவிட்டால், அந்த அறிகுறியைப் புரோஸ்டேட் தலையில் கட்ட முடியாது.

“நீர் அடைப்போடு வந்தவருக்கு டியூப் போட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பிபிஎச்’ என்ற ஒற்றை வார்த்தைதான். என்ன செய்வது?” – மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு ஊழியர், கிருஷ்ணகிரி

இந்தக் கடிதத்தோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. நம் ஆஸ்பத்திரிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நர்ஸ் நோட்டைப் புரட்டினால் எல்லாம் இருக்கும்: ‘நேற்று இரவு முதல் நீர் போகவில்லை, 16 சைஸ் ஃபோலி டியூப் போட்டதும் 900 மி.லி. வடிந்தது’ என்று நேரம் போட்டு எழுதியிருப்பார். சம்மரியில் அதன் வாசனைகூட இருக்காது. உங்களுக்கு உண்மை தெரியும், ஆனால் நர்ஸ் நோட்டை வைத்து நோய்க்குக் கோடு போட முடியாது. சிகிச்சை தந்த டாக்டர்தான் எழுத வேண்டும்.

அப்போது டாக்டரிடம் கேள்வி அனுப்புங்கள். ‘ரிடென்ஷன் என்று சேர்த்து எழுதிக் கொடுங்கள் சார்’ என்று, அதாவது நீர் அடைப்பு என்று எழுதச் சொல்லிக் கேட்டால் அது கேள்வி இல்லை, பதிலையே கையில் திணிப்பது. ‘நேற்று இரவு முதல் நீர் போகவில்லை, கதீட்டரில் 900 மி.லி. வந்தது என்று நர்ஸ் நோட்டில் உள்ளது. இது எந்த நோய்நிலை, காரணம் என்ன என்று குறிப்பிட முடியுமா?’ என்று கேளுங்கள். ‘பிபிஎச் காரணமாகத் திடீர் நீர் அடைப்பு’ என்று டாக்டர் எழுதினால் என்40.1 முன்னால், நீர் அடைப்புக்கான ஆர்33.8 பின்னால். வரிசையை மாற்றாதீர்கள், காரணமான நோயை முதலில் போடச் சொல்லி ஆர்33.8-க்குக் கீழேயே இருக்கிறது.

ஒரு விஷயம். நீங்கள் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வைத்து வேலை செய்தால் என்40-க்குப் பின்னால் புள்ளியே கிடையாது. வெறும் என்40, அடைப்புக்கு ஆர்33. பெங்களூரு கம்பெனிகளுக்காக அமெரிக்கப் புத்தகத்தில் பயிற்சி எடுத்துவிட்டு உள்ளூர் ஆஸ்பத்திரியில் சேரும் பிள்ளைகள் இங்கேதான் குழம்புகிறார்கள். ஐசிடி-11-க்கு மாறினால் எண்ணே வேறு: ஜிஏ90.

“ஓபி நோட்டில் ‘பிஎஸ்ஏ அதிகம், கேன்சர் சந்தேகம்’ என்று இருந்தது. புரோஸ்டேட் கேன்சருக்கான சி61 போட்டேன். ஆடிட்டில் பிழை என்கிறார்கள்.” – கோடர், ஓசூர்

ஆடிட் சொல்வது சரி. புறநோயாளி என்றால் ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’ என்பதற்கு நோய்க் கோடு கிடையாது, ஆர்97.20, அதாவது பிஎஸ்ஏ (புரோஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவு) அதிகம் என்பதோடு நிறுத்த வேண்டும். உள்நோயாளியாக இருந்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அப்படியே எழுதியிருந்தால் நோய் இருப்பதாகவே கோடு போடலாம். இரண்டும் நேர் எதிர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்தேன். அந்தப் பெரியவரின் பதிவில் கேன்சர் ஏறிவிட்டது. பயாப்சியில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் அதை எடுக்க நாங்கள் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது.

“அப்பாவுக்கு ஸ்கேனில் ‘கிரேடு 2 புரோஸ்டேட்டோமெகாலி’. ஆபரேஷன் முடிந்து இன்சூரன்ஸ் கிளைம் போட்டால், அறுவை ஏன் தேவைப்பட்டது என்று கேட்கிறார்கள். ஸ்கேன் போதாதா?” – அரூர்

போதாது தம்பி. ஸ்கேன் சொல்வது புரோஸ்டேட்டின் சைஸை மட்டும். பெரிதாக இருந்தும் தொந்தரவே இல்லாதவர்கள் உண்டு. சின்னதாக இருந்தும் நீர் அடைத்துக்கொண்டவர்கள் உண்டு. எத்தனை மாதம் என்ன மாத்திரை சாப்பிட்டார், நீர் கழித்த பின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு மி.லி. தங்கியது, யூரோஃப்ளோ (நீர் போகும் வேகம்) எவ்வளவு, டியூப் போட வேண்டி வந்ததா என்பவற்றைத்தான் தேடுவார்கள். சிறுநீர்த் தொந்தரவை அளக்க ஐபிஎஸ்எஸ் என்ற ஏழு கேள்விப் படிவம் இருக்கிறது; 35-க்கு மதிப்பெண், 20 முதல் கடுமை. ஆபரேஷனுக்கு முன்பே அதை நிரப்பியிருந்தால் ஃபைலில் இருக்கும். இதையெல்லாம் சேர்த்து ஒரு பக்கக் கடிதம் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். வெட்டி எடுத்த திசுவின் பயாப்சி ரிப்போர்ட்டையும் இணைத்துவிடுங்கள்.

“‘அடினோமா’ என்று எழுதினாலும் என்40தானே?” – பென்னாகரம்

அமெரிக்கப் புத்தகத்தில் இல்லை. அடினோமா என்றால் புற்று அல்லாத கட்டி, அது டி29.1. என்40-க்குக் கீழே அதை விலக்கி வைத்திருக்கிறார்கள், இரண்டையும் ஒன்றாகப் போட முடியாது. ஆனால் பல யூராலஜி டாக்டர்கள் சாதாரண வீக்கத்தையே வாய்ப்பழக்கத்தில் அடினோமா என்பார்கள். எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். ‘நாடுலர்’ (முடிச்சு முடிச்சான புரோஸ்டேட்) என்று இருந்தால் மட்டும் என்40.2 அல்லது 40.3, அங்கேயும் தொந்தரவு இருக்கிறதா என்பதுதான் கணக்கு.