ஆப் லாக்கில் எர்ரரே இல்லை, ஆனால் விடியற்காலையில் 502

வாசகர் கேள்வி: எங்கள் ஜாவா ஆப் 4 ஜிபி ரேம் உள்ள உபுண்டு சர்வரில், எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்குப் பின்னால் ஓடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதிகாலை 2.10 வாக்கில் 502 (பின்னால் இருக்கும் ஆப்பிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற எர்ரர்) வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஆப் லாக்கில் எர்ரர் வரி ஒன்றுகூட இல்லை, பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. எங்கே தேடுவது?

பதில்: லாக் பாதியில் அப்படியே நின்றிருக்கிறதே, அதுதான் முதல் துப்பு. ஜாவாவுக்குள் எக்ஸெப்ஷன் வந்திருந்தால் கோடில் எங்கே தவறியது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸ் விழுந்திருக்கும். ஹீப் (ஜாவா தன் டேட்டாவை வைக்கும் மெமரி) நிரம்பினால்கூடப் பெரும்பாலும் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போகும். ஒரு வரி எழுதக்கூட அவகாசமில்லாமல் ப்ராசஸ் போயிருந்தால், வெளியிலிருந்து, ப்ராசஸை உடனே கொல்லும் சிக்னல் 9 வந்ததா என்று பாருங்கள். அந்தச் சிக்னலை எந்த ப்ராசஸாலும் தடுக்க முடியாது.

தேடும் முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால், நம் 2.10 அங்கே முந்தைய நாள் 20.40. தப்பான தேதியில் தேடி நாள் முழுக்க வீணாவது சர்வ சாதாரணம்.

அந்த நிமிடத்தில் எஞ்சின்எக்ஸின் எர்ரர் லாக்கைப் பாருங்கள். 111 என்ற எண்ணுடன் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றிருந்தால் போர்ட்டில் கேட்க ஆளே இல்லை, ஆப் இறந்துவிட்டது. 110, ‘டைம்டு அவுட்’ என்றால் கதை வேறு: ஆப் உயிரோடு இருந்தும் பதில் சொல்லவில்லை (அப்போது பொதுவாக வருவது 502 அல்ல, 504), த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்ற பட்டியல்) எடுக்க வேண்டும்.

இறந்திருந்தால், சிஸ்டம் லாக்கைக் காட்டும் ஜர்னல்-சிடிஎல் (journalctl) கட்டளையில் உங்கள் சர்வீஸ் பெயரைக் கொடுங்கள். ஸ்டேட்டஸ் 9, ‘கில்’ என்று இருக்கும். டாக்கரில் இதே விஷயம் 137 என்று வரும்: 128 கூட்டல் 9.

கொன்றது யார் என்பது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாக்கில் இருக்கும். அதே கட்டளையை ‘-கே’ சேர்த்துப் போடுங்கள். அது சர்வர் கடைசியாக பூட் ஆனதற்குப் பிந்தைய பதிவுகளை மட்டுமே காட்டும். நீங்கள் சர்வரையே ரீபூட் செய்திருந்தால் ‘-பி -1’ சேர்க்காமல் எதுவும் கிடைக்காது. ‘அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ்’ என்ற வரி கிடைத்தால், அதோடு நிறுத்திவிடாதீர்கள். கெர்னல் பொதுவாக அதிக மெமரி பிடித்திருக்கும் ப்ராசஸைத்தான் பலி கொடுக்கும். மெமரியை நிரப்பியது வேறொன்றாக இருக்கலாம்.

அந்த வரிக்குச் சற்று மேலே எல்லா ப்ராசஸ்களின் பட்டியலும் இருக்கும். அதில் ‘ஆர்எஸ்எஸ்’ (ப்ராசஸ் ரேமில் பிடித்திருக்கும் இடம்) என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே இருப்பது கேபி அல்ல, பக்கங்கள். ஒரு பக்கம் 4 கேபி. ஜாவாவுக்கு எதிரே 655360 என்றால் 2.5 ஜிபி. பக்கத்திலேயே ஏதோ ரிப்போர்ட் ஸ்க்ரிப்டுக்கு 262144 என்றிருந்தால் அது 1 ஜிபி. டேட்டாபேஸையும் சேர்த்தால் 4 ஜிபி தாண்டிவிடும். எப்போதும் 2.10க்கே விழுவதால், 2 மணிக்கு க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

ஸ்வாப் (டிஸ்கில் ஒரு பகுதியை மெமரிபோலப் பயன்படுத்துவது) சேர்ப்பது தற்காலிக மூச்சுதான். க்ரான் வேலையைத் துண்டு துண்டாக ஓட விடுங்கள். ஜாவாவின் ஹீப் உச்சவரம்பை 2 ஜிபிக்குள் வையுங்கள். ஜாவா தனியாக எடுக்கும் மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டாக் போன்ற மெமரி எல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே. கூடவே ஜிசி (ஜாவா தேவையற்ற மெமரியை விடுவிக்கும் வேலை) லாக்கையும் இயக்குங்கள். அடுத்த முறை விழுவதற்கு முன் ஹீப் ஏறிக்கொண்டே போயிருந்தால் கோடில் மெமரி லீக் (எடுத்த மெமரியை விடாமல் வைத்திருக்கும் தவறு) தேடுங்கள். சமமாக இருந்திருந்தால் க்ரான் வேலையைப் பிடியுங்கள்.