இரவு இரண்டு மணிக்கு போனை எடுப்பது யார்? - வாசகர் கேள்வி பதில்

நோய் முற்றியவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது பற்றியும், குணப்படுத்த முடியாத கட்டத்தில் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பான ஹாஸ்பிஸ் பற்றியும் இந்த மாதம் வந்த கடிதங்களில் சில. பதில் சொல்பவர், இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்து, இப்போது ஓய்வில் இருக்கும் செவிலியர்.

சிஸ்டர், அப்பாவுக்கு 74 வயது. நுரையீரல் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். ஒருவர் ஹாஸ்பிஸ் என்கிறார், இன்னொருவர் ஹோம் கேர் என்கிறார். நெட்டில் தேடினால் எல்லா நிறுவனமும் "சிறந்த சேவை" என்றுதான் போட்டிருக்கிறது. எதைத் தேடுவது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஹோம் கேர் என்ற ஒரே பலகையின் கீழ் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். குளிப்பாட்ட, ஊட்ட, புரட்டிப் படுக்கவைக்க வருபவர் அட்டெண்டர். புண்ணுக்குக் கட்டுப் போட, யூரின் ட்யூப் மாற்ற, ஊசி போட வருபவர் நர்ஸ். மூன்றாவது பாலியேட்டிவ் டீம், அதாவது தணிப்பு சிகிச்சைக் குழு. டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், சில இடங்களில் தன்னார்வலர்கள் என்று ஒரு கூட்டமாக வேலை செய்வார்கள். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை, வீட்டில் உள்ளவர்களின் பயம் எல்லாமே இவர்கள் கணக்கில் வரும். உங்கள் அப்பாவுக்கு நோய் எலும்புக்குப் போயிருக்கிறது. முதலில் தேட வேண்டியது இந்த மூன்றாவது ஆட்களை. அட்டெண்டரை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, "ஆள் வைத்தும் அப்பா கத்துகிறாரே" என்று தவிக்கிறார்கள்.

ஹாஸ்பிஸ் என்றதும் ஒரு கட்டடம்தான் பலருக்குக் கண்ணில் தெரிகிறது. லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்து, இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் நர்ஸ். முதுகு வலியால் அந்த வேலையை விட்டு, சமூகப் பணியாளராகி, முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்தவர். ஹாஸ்பிஸ் திறந்த இரண்டாவது வருடமே, 1969-ல், அங்கிருந்து வீடுகளுக்குப் போகும் குழு கிளம்பிவிட்டது. அதனால் "ஹாஸ்பிஸா, வீடா" என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. இரண்டையும் வைத்திருக்கும் இடம் கிடைத்தால் நல்லது. வீட்டில் சமாளிக்க முடியாத வாரத்தில் அங்கே படுக்கை கிடைக்கும்.

சரி, எங்கே தேடுவது? வீட்டுக்கு அனுப்பிய அதே டாக்டரிடம் திரும்பிப் போய், "பாலியேட்டிவ் டீம் யாருக்காவது கடிதம் எழுதிக் கொடுங்கள்" என்று வாய் திறந்து கேளுங்கள். பல டாக்டர்கள் கேட்டால்தான் சொல்வார்கள். அதைவிட நம்பகமானவர்கள் புற்றுநோய் வார்டு நர்ஸ்கள். யார் வீட்டுக்கு வருகிறார்கள், யார் விளம்பரத்தோடு சரி என்பது அவர்களுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சமூகப் பணியாளர் ஒருவர் இருப்பார், அவரையும் பாருங்கள். கடைசியாக, சமீபத்தில் வீட்டில் ஒருவரை இழந்த குடும்பம். கேட்கத் தயக்கமாக இருக்கும். ஆனால் அவர்கள் சொல்லும் ஐந்து நிமிடம், நெட்டில் ஐம்பது நட்சத்திரம் பார்ப்பதற்கு மேல்.

இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும் போன் செய்யுங்கள். எங்கள் தெரு உங்கள் எல்லைக்குள் வருமா? வாரத்துக்கு எத்தனை முறை, யார் வருவார்? டாக்டரும் வருவாரா, போனில் மட்டுமா? கடும் வலிக்கான மருந்தான மார்ஃபினை எழுதிக் கொடுக்க உங்கள் டாக்டருக்கு அனுமதி உண்டா? கட்டில், ஏர் பெட், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் இரவல் தருவீர்களா? எது இலவசம், எதற்குக் கட்டணம் என்று எழுதித் தருவீர்களா? கேட்கச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது: வீட்டிலேயே இறந்தால் சான்றிதழ் தர யார் வருவார்? இதற்கான விதி இடத்துக்கு இடம் வேறு. முன்கூட்டிக் கேட்காத குடும்பங்கள் அந்த நேரத்தில் அலைவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் மேலே நான் வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. இரவு இரண்டு மணிக்கு உங்கள் போனை எடுப்பது யார்?

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் அம்மாவுக்குக் கல்லீரலில் கட்டி. அப்போதே நான் இந்தத் தொழிலில் பதினோரு வருடம் ஆனவள். மற்றவர்களுக்கு ஆயிரம் யோசனை சொன்ன நான், என் அம்மாவுக்கு ஒரு நிறுவனத்தை அரை நாளில் முடிவு செய்தேன். கையேட்டில் "24 மணி நேரமும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு வாந்தி நிற்கவில்லை. வாயால் கொடுத்த வலி மாத்திரையும் வெளியே வந்துவிட்டது. போன் செய்தேன். எடுத்த பையன் தன்மையாகத்தான் பேசினான். பெயர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டு, "திங்கட்கிழமை காலையில் டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன்" என்றான். இருபத்து நான்கு மணி நேரமும் போன் எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை அவர்கள்.

அதனால் இப்படிக் கேளுங்கள்: இரவில் எடுப்பவர் நர்ஸா, ஆபீஸ் ஆளா? அவரால் மருந்தின் அளவை மாற்றிச் சொல்ல முடியுமா? தேவைப்பட்டால் இரவிலேயே யாராவது கிளம்பி வருவார்களா? எல்லாக் குழுவாலும் இரவில் வர முடியாது. சின்னக் குழுக்கள் அதை நேர்மையாகச் சொல்லிவிட்டு, "இரவுக்கு இந்த மருந்தைத் தனியாக எடுத்து வையுங்கள், இப்படி ஆனால் இதைக் கொடுங்கள்" என்று எழுதியே தருவார்கள். அதுவும் நல்ல பதில்தான். கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் இரவு அந்த எண்ணுக்கு நீங்களே போன் செய்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இன்னொரு அடையாளம்: நல்ல குழு, நீங்கள் கேட்பதைவிட அதிகமாக உங்களைக் கேட்கும். வலி எந்தப் பக்கம், அப்பா எத்தனை மணிக்கு எழுவார், பாத்ரூம் எவ்வளவு தூரம், இரவில் பக்கத்தில் படுப்பது யார்? நேராகப் பேக்கேஜுக்குத் தாவுபவர்களிடம் கொஞ்சம் கவனம்.

வீட்டுக்கு வந்த டீம் மாமியாருக்கு மார்ஃபின் கொடுக்கச் சொல்கிறார்கள். அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். கொடுக்கலாமா?

அந்த டீமை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். உலக சுகாதார நிறுவனம் 1977-ல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மார்ஃபின் இருக்கிறது. புற்றுநோய் வலிக்கு எந்தப் படியில் எந்த மருந்து என்று 1986-ல் அதே நிறுவனம் சொன்னபோதும் மேல்படியில் இருந்தது இதுதான். கடுமையான வலிக்கு, குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள். அப்படிச் செய்யும்போது உறவினர்கள் சொல்லும் இரண்டு ஆபத்தும் அரிது. சிறுநீரகம் பழுதானவர் என்றால் மட்டும் டீமிடம் மறக்காமல் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள்.

உண்மையான தொல்லை வேறு. முதல் சில நாள் தூக்கமாக இருக்கும், குமட்டலாம். இரண்டும் பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். அதை எழுதாமல் மார்ஃபின் மட்டும் எழுதியிருந்தால் போன் செய்து கேளுங்கள். சாதாரண மாத்திரை, திரவம் என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது வழக்கம். வலி வந்து முனகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுவில் வலி எகிறினால் கொடுக்கத் தனி அளவு சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை நர்ஸ் வந்ததும் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மருந்தைப் பூட்டி வையுங்கள்.

அம்மாவை ஹாஸ்பிஸ் குழுவிடம் ஒப்படைக்கலாம் என்றால் அண்ணன் "கைவிடச் சொல்கிறாயா" என்று சண்டைக்கு வருகிறார். கீமோ போய்க்கொண்டிருக்கிறது. இப்போதே இவர்களைக் கூப்பிடுவது அவசரப்படுவது ஆகாதா?

ஆகாது. தணிப்பு சிகிச்சையைக் கீமோவோடு சேர்த்தே தொடங்கலாம். அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. நோய் தெரிந்த உடனே தணிப்பு சிகிச்சையும் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.6 மாதம் தாண்டினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு அந்தக் கணக்கு 8.9 மாதம். தணிப்பு சிகிச்சை பெற்றவர்களிடம் மனச்சோர்வும் குறைவு. ஒரு நோய், ஒரு ஆய்வு, அதை வைத்து எல்லாருக்கும் ஆயுள் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "கைவிடுவது" என்ற பேச்சுக்கு அண்ணனிடம் காட்ட இது போதும். சில நாடுகளில், சில காப்பீட்டில், ஹாஸ்பிஸ் என்று பதிவு செய்தால் கீமோவை நிறுத்தியாக வேண்டும் என்று விதி இருக்கும். அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை குழு வரும்போது அண்ணன் வீட்டில் இருக்கும்படி பாருங்கள்.

ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அண்ணன் ஆறு இடத்தில் வருகிறார். அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. கேட்டீர்களா?

ஏஜென்சி அனுப்பிய பெண் இரவில் தூங்கிவிடுகிறார். அப்பாவின் இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது. ஆளை மாற்றலாமா?

முதலில் அந்தச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப் புண் ஆரம்பம், இன்றே நர்ஸைக் கூப்பிடுங்கள். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். சூடாக, கெட்டியாக, வலியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டுப் பிசையாதீர்கள். நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையமும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவது பழைய கணக்கு. நல்ல ஏர் பெட் இருந்தால் இடைவெளியை நர்ஸ் கூட்டிச் சொல்லலாம். மூத்திர ஈரம் நிற்கக் கூடாது.

இப்போது அந்தப் பெண். பகல் முழுக்க அவர்தானே பார்க்கிறார்? இருபத்து நான்கு மணி நேரம் விழித்திருக்க உங்களால் முடியுமா? ஒரே ஆளை இரவு பகல் இரண்டுக்கும் வைத்துவிட்டு அவர் தூங்குகிறார் என்று எழுதும் கடிதம் மாதத்துக்குக் குறைந்தது நான்கு வருகிறது. ஏஜென்சியிடம் இரண்டு ஷிப்ட் கேளுங்கள். கட்டுப்படியாகாது என்றால் இரவில் புரட்டுவதை வீட்டு ஆட்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒரு தாள் ஒட்டி, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் என்று யார் புரட்டினாலும் எழுதட்டும். பகலில் தூங்கி எழுந்தும் வேலை செய்யவில்லை என்றால் அப்போது மாற்றுங்கள். ஏஜென்சியிடம் இன்னும் இரண்டு கேள்வி: இவருக்குப் பயிற்சி கொடுத்தது யார்? இவர் லீவு போட்டால் அன்று வருவது யார்?

டீம் முதல் தடவை வரும்போது என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஸ்கேன் ரிப்போர்ட், சாப்பிடும் மருந்து எல்லாம் ஒரே பையில். நாட்டு மருந்து எடுத்தால் அதையும் ஒளிக்காமல் வையுங்கள், நாங்கள் திட்ட மாட்டோம். கேட்க நினைப்பதை எழுதி வையுங்கள், வந்ததும் மறந்துபோகும். நோயாளிக்குத் தன் நோய் எவ்வளவு தெரியும் என்பதை வாசலிலேயே எங்களிடம் சொல்லிவிடுங்கள். கைகழுவ சோப்பு, உட்கார ஒரு நாற்காலி, கட்டிலுக்குப் பக்கத்தில். நாய் இருந்தால் கட்டிப்போடுங்கள். என் இடது கணுக்காலில் இரண்டு பல் தடம் இன்னும் இருக்கிறது.