அமெரிக்கச் சீனக் குடும்பங்களில் 'காகித மகன்' என்றால் யார்?

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒரு சீனரின் மகன் என்று பொய் ஆவணத்தை விலைக்கு வாங்கி, அந்த நாட்டுக்குள் நுழைந்தவர்தான் காகித மகன்.

அமெரிக்காவின் 1882 சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்தது. குடிமக்களின் பிள்ளைகள் மட்டும் உள்ளே வர முடிந்தது. 1906-ல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத் தீயில் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. 'நான் இங்கேதான் பிறந்தேன், அதனால் குடிமகன்' என்பவரை மறுப்பது கடினமானது. அப்படிக் குடிமகனானவர், சீனாவில் மகன் இருப்பதாகப் பதிந்து அந்த இடத்தை விற்க முடிந்தது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவின் குடியேற்ற நிலையத்தில் அதிகாரிகள் துருவித் துருவி விசாரிப்பார்கள்: வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? பொதுத்தேர்வுக்கு நோட்ஸை உருப்போடுவதுபோல, பார்த்தேயிராத வீட்டை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். ஆவணக் கடனை அடைக்கச் சலவைக்கடையில் இரவெல்லாம் இஸ்திரி போட்டவர்கள் ஏராளம். பேரப்பிள்ளைகளிடம்கூட உண்மையான குடும்பப் பெயரைச் சொல்லாமலே பலர் கண்மூடியதுதான் பெருங்கொடுமை.

சலவை சீனர்களின் பரம்பரைத் தொழில் என்று நினைப்பது தவறு. மற்ற வேலைகள் மறுக்கப்பட்டதால்தான் அதில் இறங்கினார்கள்.